அலைவரை ஒரு பாதை

பாலக்காட்டுக் கோட்டையைச் சூழ்ந்த அகழி பகைவரைத் தடுப்பதற்காக வெட்டப்பட்டது. நூலகத்தின் வாயிலில் உள்ள மூன்று படிகள் எவரையும் தடுப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. ஆயினும், சக்கர நாற்காலியில் வருபவரை அவையும் அகழியைப் போலவே தடுத்துவிடுகின்றன. அவர் இழப்பது நூலை மட்டுமன்று. நூலை வீட்டுக்கு வருவித்துக்கொள்ளலாம். அங்கே கூடிப் பேசும் நண்பர்களை எவ்வாறு வருவிப்பது?

சென்னை மெரினா கடற்கரையில் இத்தகைய தடையாக இருந்தது மணற்பரப்பு. சக்கரங்கள் மணலில் புதையும். ஆதலால், குடும்பத்தார் அலையில் கால் நனைக்க, மாற்றுத்திறனாளிகள் தொலைவிலேயே தங்க நேர்ந்தது. முன்னர் ஆண்டில் சில நாள்கள் மட்டும் தற்காலிகப் பாதை அமைக்கப்பட்டது. நிலையான பாதை வேண்டும் என அவர்கள் நெடுங்காலம் கோரினர். 2022 நவம்பர் 27 அன்று, 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட மரப்பாதை திறக்கப்பட்டது. கடலருகே குடும்பத்தோடும் நண்பரோடும் சேர்ந்திருப்பது, ஓரிரு நாள் விருந்தாக இல்லாமல், விரும்பிய நாளில் பெறும் உரிமையாயிற்று.

அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அப்பாதை சேதமுற்றது, பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. பாதையை அமைப்பதோடு கடமை முடிவதில்லை, பேணுவதும் வேண்டும்.

சாய்வுதளத்திற்கும் கணக்கு உண்டு. உயரத்தைப் போல் குறைந்தது 12 மடங்கு நீளம் இருத்தல் வேண்டும். 45 செ.மீ. உயரமுள்ள படிகளுக்கு 5.4 மீட்டர் நீளம் தேவை. செங்குத்தான சாய்வுதளம் ஏற உதவாது. இறங்குகையில் இடர் தரும்.

பார்வையற்றோருக்கு வேறு உதவி தேவை. காலும் கோலும் உணரத்தக்க புடைப்புகள் கொண்ட நடைதளத்தை ஜப்பானியரான செய்இச்சி மியாக்கே உருவாக்கினார். அது 1967இல் ஒக்கயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் தொடர்வண்டி நிலையங்களில் அதனைக் காணலாம்.

பொது இடங்கள் அனைவரும் அணுகத்தக்கவையாக இருத்தல் வேண்டும் என மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கூறுகிறது. மூணாறு போன்ற மலையூர்களில் இப்பணி கடினமானதே. எனினும், சாய்வுதளம் அமைந்துவிட்டால் முதியோரும், கைக்குழந்தையை வண்டியில் தள்ளி வரும் தாயும், மூட்டை சுமப்போரும் அதனால் பயன்பெறுவர். ஒருவருக்காகத் திறக்கும் வழி பலரை ஒன்றுசேர்க்கிறது.

சொற்பொருள்
அகழி – கோட்டையைச் சூழ்ந்த நீர்நிலை
இடர் – துன்பம்
பேணுதல் – பாதுகாத்தல்
புடைப்பு – மேடாக எழுந்த பகுதி

பயிற்சி
1. நூலகப் படிகள் எதனோடு ஒப்பிடப்படுகின்றன? ஏன்?
2. தற்காலிகப் பாதைக்கும் நிலையான பாதைக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
3. பிரித்து எழுதுக: மணற்பரப்பு, மரப்பாதை.
4. உம் பள்ளி வாயிற்படிகளின் மொத்த உயரத்தை அளந்து, அதற்கேற்ற சாய்வுதளத்தின் நீளத்தைக் கணக்கிடுக.
5. உம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் தடையாக உள்ளவற்றைக் குறித்து ஊராட்சித் தலைவருக்குக் கடிதம் எழுதுக.