எலிஃபண்ட் தமிழ்ச் சொல்லா?

இளையர்களே, வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு சுத்திக்கிட்டே இருக்கு. நீங்களும் பார்த்திருப்பீங்க. யானைக்கு ‘இபம்’ என்று தமிழில் ஒரு பெயர் உண்டு. அதோடு அரபியின் ‘எல்’ ஒட்டிக்கொண்டு ‘எலிஃபண்ட்’ ஆயிற்றாம்! கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ‘இபம்’ வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். முன்னால் ‘எல்’ ஒட்டியது என்பது வெறும் ஊகம்.

கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி மூன்றும் நம்மிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை. எந்த நல்ல அகராதியும் அதை ஒத்துக்கொள்ளும். அப்படி இருக்கும்போது இல்லாததைச் சொல்லி மற்ற இனத்து நண்பர்கள் முன்னால் நாம் ஏன் மாட்டிக்கணும்?

எலிஃபண்ட் வந்த வழி இதுதான்: கிரேக்கத்தில் ‘எலெஃபாஸ்’, லத்தீன் வழியாகப் பழைய பிரெஞ்சுக்குப் போய் ‘ஒலிஃபான்’, அங்கிருந்து ஆங்கிலம். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ ரசிகர்களுக்கு ‘ஒலிஃபண்ட்’ ஞாபகம் வரும். டோல்கீன் அதைச் சும்மா கற்பனை செய்யவில்லை, ஆங்கிலேயர்கள் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள்.

எனக்குப் பிடித்த செய்தி இனிமேல்தான். ஹோமரின் காவியங்களில் ‘எலெஃபாஸ்’ என்றால் யானை இல்லை, தந்தம்! வியாபாரத்தில் தந்தம் முதலில் வந்தது. மிருகத்தைப் பற்றிப் பிறகுதான் தெரிந்தது. நம் முன்னோரோ யானையோடு வாழ்ந்தவர்கள். ஆண் களிறு, பெண் பிடி, கை உள்ள விலங்கு என்பதால் கைம்மா.

பாரசீகத்தில் யானை ‘பீல்’, அரபியில் ‘ஃபீல்’. இந்தச் சொற்களின் வேர், பல்லைக் குறிக்கும் ஒரு பழந்திராவிடச் சொல் என்று பஹதா அன்சுமாலி முகோபாத்யாய் 2021ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நம்ம ‘பல்’லும் அந்தக் குடும்பம்தான். இது ஒரு கருத்து, முடிந்த முடிவு இல்லை. ஆனாலும் வாட்ஸ்அப் கதையைவிட எவ்வளவோ மேல்.

பொருளும் ஊருக்கு ஊர் மாறுது. வெள்ளை யானை என்றால் நமக்கு இந்திரனின் ஐராவதம். சயாமிலும் அது புனிதம். ஆங்கிலத்திலோ காசைத் தின்னும் வீண் சொத்து. 2003 ஜூன் 20ல் வடகிழக்கு ரயில் பாதை திறந்தபோது புவாங்கோக் நிலையத்தைத் திறக்காமல் வைத்திருந்தார்கள். 2005 ஆகஸ்ட்டில் அமைச்சர் ஒருவர் அந்தப் பக்கம் வந்த நாளில், அங்கே எட்டு வெள்ளை யானை அட்டைகள் நின்றன! போலீஸ் விசாரணைகூட நடந்தது. 2006 ஜனவரி 15ல் நிலையம் திறந்தது. லிட்டில் இந்தியாவிலிருந்து எட்டாவது ஸ்டேஷன் அது.