தகவல் களவு போன பிறகு: எழுவான்கரை வீடுகளுக்குச் சில குறிப்புகள்

கார்கில்ஸ் வங்கியின் கோப்புகளைக் களவெடுத்துவிட்டதாக 2025 மார்ச்சில் ஓர் இணையக் கொள்ளைக் கும்பல் அறிவித்தது. அந்த வங்கியில் கணக்கில்லாதவர்கள் "நமக்கென்ன" என்று விட்டிருப்பார்கள். 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல்களை வைத்திருந்த லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் தாக்கப்பட்டு, ஏறத்தாழ 5,000 முகவரிகளின் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்தபோதும் அதே பேச்சுத்தான். அதற்கு முன்பு, 2021 ஏப்ரலில், 106 நாடுகளைச் சேர்ந்த 53 கோடிக்கு மேற்பட்ட பேஸ்புக் பாவனையாளர்களின் விபரங்கள், பெரும்பாலும் தொலைபேசி இலக்கங்களோடு, இணையத்தில் இலவசமாகக் கொட்டப்பட்டன.

செட்டிபாளையத்தில் ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் எரிபொருள் கியூஆருக்கு ஒருமுறை, அஸ்வெசுமவுக்கு ஒருமுறை, சிம் வாங்க, மோட்டார் சைக்கிள் லீசிங் எடுக்க, குழுக்கடனுக்கு, வெளிநாட்டு ஏஜென்சிக்கு என்று அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுக்காத இடம் இல்லை. எங்கோ ஓரிடத்தில் அது கசிந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு நடப்பதே புத்தி. வெளியே போன இலக்கத்தைத் திருப்பி எடுக்க முடியாது. அதை வைத்து உங்கள் பெயரில் காரியம் பார்ப்பதைத் தடுக்கலாம். கீழே உள்ளவை அதற்குத்தான்.

1. செய்தி வந்தவுடன் பதறாமல், போனது என்ன என்று பாருங்கள். பாஸ்வேர்டும் ஏ.டி.எம். காட் இலக்கமும் என்றால் இன்றைக்கே மாற்றிவிடலாம். அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, தாயின் பெயர் என்றால் மாற்ற வழியில்லை. 4ஆம், 9ஆம் குறிப்புகளைக் கவனமாக வாசியுங்கள்.

2. முதலில் மாற்றவேண்டியது மின்னஞ்சலின் பாஸ்வேர்ட். "எனக்கு ஈமெயில் எல்லாம் இல்லை" என்பவர்களுக்கும் ஒன்று இருக்கும்: போன் வாங்கிய கடையில் தம்பி திறந்து கொடுத்த ஜிமெயில். அதன் பாஸ்வேர்ட் அந்தத் தம்பிக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. வங்கி ஆப்பின் பாஸ்வேர்டை "மறந்துவிட்டேன்" என்று அழுத்தினால் புதியதை எடுக்கும் வழி பல நேரம் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைத் திறந்து, நீளமான புதிய பாஸ்வேர்டைப் போட்டு, இரண்டு படிச் சரிபார்ப்பையும் இயக்குங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் உங்களுக்கு மறக்காது, மற்றவனுக்குப் பிடிபடாது. எழுதி வைக்கவேண்டும் என்றால் கொப்பியில் எழுதி அலுமாரியில் வையுங்கள். அலுமாரிக் கொப்பியை ரஷ்யாவிலிருந்து ஒருவனும் திருடமாட்டான். ஒரே பாஸ்வேர்டை எல்லாவற்றுக்கும் போடுவதுதான் ஆபத்து.

3. காட் விபரம் போயிருந்தால் வங்கிக்கு அழைத்து அந்தக் காட்டை நிறுத்திப் புதியது கேளுங்கள். அழைக்கவேண்டிய இலக்கம் காட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. பேஸ்புக்கில் தேடி எடுத்த "ஹொட்லைன்" வேண்டாம். போலி வங்கிப் பக்கங்கள் அங்கே தாராளம்.

4. உங்கள் அடையாள அட்டை இலக்கத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் நீங்கள் எத்தனையாவது நாள் பிறந்தீர்கள் என்பது. பெண் என்றால் அதனோடு 500 கூட்டப்படும். 85510 என்று தொடங்கினால் 1985 ஜனவரி 10இல் பிறந்த பெண் என்று பொருள். 2016 முதல் வரும் 12 இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கமாக வருகிறது, கணக்கு அதேதான். ஆகவே இலக்கம் கசிந்தால் பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் சேர்ந்தே கசிகிறது. இதற்குப் பிறகும் ஏ.டி.எம். பின் இலக்கமாகப் பிறந்த ஆண்டைப் போடுவதில் என்ன பாதுகாப்பு? தொலைபேசியில் ஒருவர் உங்கள் பிறந்த திகதியைச் சரியாகச் சொன்னால், அவர் வங்கிக்காரர்தான் என்பதற்கு அது சாட்சியும் அல்ல.

5. இனி, நம் ஊர்ப் பழக்கம் ஒன்று. கணினியை உடைத்துத் தகவல் எடுக்க ஹேக்கர் வரவேண்டிய அவசியமே இல்லாதபடி நாமே அடையாள அட்டையை ஊரெல்லாம் விதைக்கிறோம். ஒரு கொம்யூனிகேஷன் கடையில் போட்டோக் கொப்பிக்கு நிற்கும்போது அங்குள்ள கணினித் திரையைப் பாருங்கள். முன்பக்கம், பின்பக்கம் என்று வரிசையாக அடையாள அட்டைப் படங்கள், பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். வந்தவர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போனவை. கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், அவருடைய கணினிக்குள் புகுந்தவன் நல்லவனாக இருப்பானா?

அட்டையை நேரில் கொண்டுபோய்க் கொப்பி எடுப்பது நல்லது. அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால், வேலை முடிந்ததும் "அண்ணன், அதை அழிச்சு விடுங்க" என்று கேட்டு, நின்று பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் பக்கத்திலும் "எல்லோருக்கும் நீக்கு" கொடுங்கள்.

கொப்பியை ஒரு நிறுவனத்திடம் கொடுக்கும்போது, காசோலைக்குக் கோடு இழுப்பதுபோல மூலையில் இரண்டு கோடு இழுத்து, இன்ன நிறுவனத்துக்கு, இன்ன தேவைக்கு மட்டும் என்று எழுதித் திகதி போடுங்கள். இலக்கத்தையும் முகத்தையும் மறைக்கவேண்டாம். அப்படி எழுதிய கொப்பியை வேறு கடனுக்கு வைப்பது சுலபமல்ல. சில இடங்களில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

6. தகவல் களவுக்குப் பிறகு வரும் அழைப்புகளுக்குத் தயாராக இருங்கள். களவெடுத்த பட்டியலை வாங்கியவன் உங்கள் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவான். பேச்சு இப்படிப் போகும்:

"வணக்கம் அம்மா, வங்கியிலிருந்து பேசுகிறோம். உங்கள் அடையாள அட்டை இலக்கம் இதுதானே? உங்கள் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. இப்போது போனுக்கு ஆறு இலக்கம் ஒன்று வரும், அதை வாசியுங்கள்."

"ஆ, அப்பிடியா மகன்? நான் நாளைக்கு நேர பேங்குக்கு வாறன். அங்க வந்து பாப்பம்."

இந்தப் பதில் போதும். உண்மையான வங்கிக்காரர் என்றால் "சரி, வாங்க" என்பார். மற்றவர் அவசரப்படுத்துவார், பிறகு அதட்டுவார், பிறகு வைத்துவிடுவார். ஓ.டி.பி., பின், காட்டின் பின்பக்கத்து மூன்று இலக்கம் ஆகியவற்றை எந்த வங்கியும் தொலைபேசியில் கேட்பதில்லை. அஸ்வெசும நிலுவை வந்திருக்கிறது, பார்சல் ஒன்று சுங்கத்தில் நிற்கிறது என்று வரும் லிங்க்குகளும் இதே வகைதான்.

7. வட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், எக்கவுண்ட், டூ ஸ்டெப் வெரிபிக்கேஷன் என்று போய் ஆறு இலக்கப் பின் ஒன்று போடுங்கள். அந்தப் பின் இல்லாதவர்களின் கணக்கைப் பிடித்தவன் அடுத்த நிமிடம் சுவிஸில் உள்ள மச்சானுக்கு "அவசரம், காசு போடு" என்று எழுதுவான். காசு கேட்டு யாருடைய பெயரில் செய்தி வந்தாலும், அழைத்துக் குரலைக் கேட்காமல் அனுப்பவேண்டாம்.

8. சிம் யார் பெயரில் இருக்கிறது? பல வீடுகளில் அம்மாவின் சிம் அப்பாவின் பெயரில், மகனின் சிம் மாமாவின் பெயரில். வங்கியின் ஓ.டி.பி. வரும் சிம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் சேவை நிலையத்துக்கு அடையாள அட்டையோடு போய், உங்கள் இலக்கத்தில் எத்தனை சிம் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். தெரியாத சிம் இருந்தால் அங்கேயே எழுதிக் கொடுத்து நிறுத்துங்கள்.

பக்கத்து வீட்டில் அதே நிறுவனத்தின் சிக்னல் இருக்க, உங்கள் போனில் மட்டும் மணிக்கணக்காக இல்லை என்றால் சும்மா இருக்கவேண்டாம். உங்கள் பெயரில் வேறொருவன் புதுச் சிம் எடுத்திருக்கலாம். வங்கிக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் அன்றே சொல்லவேண்டும்.

கட்டாருக்கோ சவூதிக்கோ போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீண்ட காலம் ரீலோட் போடாமல் விட்ட இலக்கத்தை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். உங்கள் வங்கிக் கணக்கு அந்த இலக்கத்தில் இருந்தால் ஓ.டி.பி. அவருக்குப் போகும். வீட்டாரிடம் சொல்லி இடைக்கிடை ரீலோட் போடச் சொல்லுங்கள், அல்லது போகுமுன் வங்கியில் இலக்கத்தை மாற்றிவிடுங்கள்.

9. "கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது" என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். கிரிப் என்பது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். அது கறுப்புப் பட்டியல் அல்ல. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் லீசிங் நிறுவனங்களும் கொடுத்த கடன்களில் ஒழுங்காகக் கட்டியதும் கட்டாததும் எல்லாம் அதில் பதிவாகும். உங்கள் பெயரில் யாரோ எடுத்த கடனும் அங்கேதான் தெரியவரும். அதைப் பார்க்காமல் விடுகிறவர்களுக்கு அது தெரியவரும் நாள், மகளின் படிப்புக்கோ வீடு கட்டவோ கடன் கேட்டுப் போய் வங்கியில் கைவிரிக்கும் நாள்தான்.

உங்கள் அறிக்கையை நீங்களே எடுக்கலாம். வங்கிக் கிளை ஊடாக விண்ணப்பிக்கலாம். பணியகத்தின் மைரிப்போர்ட் இணையச் சேவையிலும் கட்டணம் செலுத்தி எடுக்கலாம். வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். உங்கள் பெயரிலுள்ள கடன்கள். நீங்கள் பிணை நின்ற கடன்கள். சிநேகிதனின் லீசிங்குக்குப் போட்ட கையெழுத்து ஞாபகம் வரும் இடம் இது. கடைசியாக, உங்களைப் பற்றி விசாரித்த நிறுவனங்கள். நீங்கள் படியேறாத ஒரு கம்பனி உங்கள் பெயரை விசாரித்திருந்தால், யாரோ உங்கள் அட்டையோடு அங்கே போயிருக்கிறார்கள். கடன் கொடுபடுமுன் பிடிக்கக் கிடைக்கும் ஒரே தடயம் அதுதான் என்பதால் அந்தப் பகுதியை இரண்டுமுறை வாசியுங்கள். வருடத்துக்கு ஒருமுறை எடுப்பது நல்லது. பெரிய தகவல் களவுக்குப் பிறகு உடனே ஒன்றும், சில மாதங்கள் கழித்து இன்னொன்றும்.

ஒரு குறை: ஊருக்குள் வரும் நுண்கடன் கம்பனிகள் எல்லாம் அதில் உறுப்பினர் அல்ல. குழுக்கடனுக்குக் கொப்பி கொடுத்த பெண்கள், கடன் முடிந்ததும் "முடிந்தது" என்று கடிதம் கேட்டு வாங்கி வையுங்கள்.

10. எடுக்காத கடன் ஒன்று உங்கள் பெயரில் இருந்தால், "தொல்லை வேண்டாம்" என்று ஒரு தவணைகூடக் கட்டாதீர்கள். கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாகவே எடுப்பார்கள். அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டு, விண்ணப்பப் படிவம், கையெழுத்து, கொடுத்த கொப்பி ஆகியவற்றைக் காட்டச் சொல்லுங்கள். பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் பிரதியை வாங்குங்கள். கிரிப்புக்கும் அறிவியுங்கள், ஆனால் பதிவைத் திருத்தவேண்டியது கடன் கொடுத்த நிறுவனமே என்பதால் அவர்களை விடாமல் நெருக்கவேண்டும். அவர்கள் இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவு இருக்கிறது, இலக்கம் 1935.

11. அடையாள அட்டையே தொலைந்தால் பொலிஸ் முறைப்பாட்டை அன்றே போடுங்கள். கிராம உத்தியோகத்தர் ஊடாகப் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்க அது தேவை. பின்னால் யாரும் அந்த அட்டையைப் பாவித்துக் கடன் எடுத்தால், எந்தத் திகதியிலிருந்து அது உங்கள் கையில் இல்லை என்பதற்கு அத்தாட்சியும் அதுவே.

12. வெளிநாட்டு உறவுகளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். அவுஸ்திரேலியாவில் 2022 செப்டெம்பரில் ஒப்டஸ் நிறுவனத்திலிருந்து 98 இலட்சம் பேர்வரை விபரம் போனது. கனடாவில் 2019இல் லைப்லாப்ஸ் என்ற இரத்தப் பரிசோதனை நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கோடி பேருடையது, அவர்களில் பெரும்பாலானோர் ஒன்டாரியோவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும். அவுஸ்திரேலியாவில் கடன் பணியகங்களிடம் கேட்டு உங்கள் பெயரில் புதுக் கடனுக்கு இலவசமாகத் தடை போடலாம். முதலில் 21 நாள், பிறகு நீட்டலாம். அமெரிக்காவில் 2018 செப்டெம்பர் முதல் இதற்குக் கட்டணம் இல்லை. கனடாவில் எக்குபெக்ஸ், டிரான்ஸ்யூனியன் இரண்டிலும் மோசடி எச்சரிக்கை பதியலாம்.

13. "போன தகவலை மீட்டுத் தருகிறோம், சிறு தொகை கட்டுங்கள்" என்பவன் இரண்டாவது கள்ளன்.

14. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த அதன் முக்கிய பகுதிகளைப் பிற்போட்டார்கள். தகவலைச் சேர்ப்பதில் காட்டும் வேகத்தை அதைக் காப்பதில் யாரும் காட்டுவதில்லை என்பது என் எண்ணம். எப்படியிருந்தாலும், என்னுடைய விபரம் போனதா, எது போனது என்று எழுத்தில் கேட்பதற்கு ஒரு கடதாசியும் முத்திரையும் போதும். கேளுங்கள்.

15. வீட்டுக் கலண்டரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கவேண்டியவை: இணையக் குற்றங்களுக்கு இலங்கை சேர்ட் 101, வங்கி முறைப்பாட்டுக்கு மத்திய வங்கி 1935, அவசரப் பொலிஸ் 119, இவற்றோடு உங்கள் வங்கிக் காட்டின் பின்னாலுள்ள இலக்கம். வாசிக்கக் கஷ்டப்படும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களுடைய போனிலும் இவற்றை இன்றே பதிந்து கொடுங்கள்.