நின்று பார்க்கும் பயணம்

இத்தாலியின் வெனிஸ் நகரில், ரியால்டோ பாலத்துக்கு அருகே ஒரு மருந்துக்கடை இருக்கிறது. அதன் கண்ணாடிச் சாளரத்தில் 2008ஆம் ஆண்டு ஒரு மின்னணுப் பலகை வைக்கப்பட்டது. பலகையில் ஒளிர்வது ஓர் எண். பழைய நகரப் பகுதியில் இன்னும் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதையே அந்த எண் காட்டுகிறது. 1951ஆம் ஆண்டில் அங்கு ஏறத்தாழ 175,000 பேர் வாழ்ந்தனர். 2022ஆம் ஆண்டில் அவ்வெண்ணிக்கை 50,000க்கும் கீழே இறங்கியது.

உலகமே வியந்து பார்க்க வரும் ஒரு நகரைவிட்டு, அங்கே பிறந்தவர்கள் ஏன் வெளியேறுகிறார்கள்? இக்கேள்விக்கும், நாம் எப்படிப் பயணம் செய்கிறோம் என்பதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

ஆண்டுதோறும் பல மில்லியன் சுற்றுப்பயணிகள் வெனிசுக்கு வருகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுபவர்கள். புனித மார்க் சதுக்கத்தில் ஒரு படம், ரியால்டோ பாலத்தில் ஒரு படம், கையில் ஒரு நினைவுப்பொருள் என்று அவர்களின் பயணம் முடிந்துவிடுகிறது. கூட்டம் பெருகப் பெருக, ஊரின் தன்மையும் மாறுகிறது. மளிகைக் கடை இருந்த இடத்தில் முகமூடி விற்கும் கடை வருகிறது. குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் பயணிகளுக்கான குறுகியகால வாடகை அறைகளாகின்றன. வாடகை உயர்கிறது. இளம் குடும்பங்கள் பாலத்தைக் கடந்து, பெருநிலப்பகுதியில் குடியேறுகின்றன.

இதே நகரை வேறு விதமாகவும் பார்க்கலாம். ஒரு பயணி அங்கே மூன்று நான்கு நாள் தங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரயில் நிலையத்தின் வாசற்படியில் இறங்கியதுமே அவர் எதிரே பெருங்கால்வாய் விரிகிறது. வெனிஸ் 118 சிறு தீவுகளின் மேல் அமைந்த நகரம். அத்தீவுகளை நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் இணைக்கின்றன. நகருக்குள் மகிழுந்து ஓடுவதில்லை. நோயாளியை ஏற்றிச் செல்வதும் படகு. குப்பையை அள்ளிச் செல்வதும் படகு. முதலாம் எண் பொதுப் படகில் ஏறினால், அது ஒவ்வொரு துறையாக நின்று நின்று செல்லும். அவசரக்காரருக்கு அது எரிச்சலூட்டும். நிதானமாக வந்தவருக்கோ, இருபுறமும் உள்ள பழைய மாளிகைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

அம்மாளிகைகளுள் சில இன்று தங்கும் விடுதிகளாக இயங்குகின்றன. அவை ஒரு காலத்தில் வணிகர்களின் இல்லங்கள். படகில் வந்த சரக்குகள் நீரை ஒட்டிய கீழ்த்தளத்தில் வைக்கப்பட்டன. குடும்பம் மேல்தளத்தில் வாழ்ந்தது. அத்தகைய விடுதியில் தங்குபவர், சாளரத்தைத் திறக்கும்போது ஒரு வணிக நகரத்தின் வரலாற்றையே கண்முன் காண்கிறார்.

காலையில் ரியால்டோ சந்தைக்குச் சென்றால் மீனும் காய்கறியும் வாங்க வரும் உள்ளூர் மக்களைச் சந்திக்கலாம். நண்பகலில் பசி எடுத்தால், 'பாக்கரோ' எனப்படும் சிற்றுணவுக் கடைகள் உண்டு. அங்கே 'சிக்கெத்தி' என்னும் சிறு பண்டங்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு, நின்றபடியே பேசிச் சிரித்து உண்பது ஊர் வழக்கம். வறுத்த மத்தி மீனை வெங்காயத்தோடு சேர்த்துப் புளிக்காடியில் ஊறவைக்கும் உணவு ஒன்று அவற்றுள் புகழ்பெற்றது. நெடுங்கடல் சென்ற மாலுமிகளுக்குக் கெடாத உணவு தேவைப்பட்டதால் பிறந்த முறை அது. உலர்ந்த காட் மீனை ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெய் ஊற்றி அடித்துக் குழைத்த பண்டமும் உண்டு. 1432ஆம் ஆண்டில் கப்பல் உடைந்து, நார்வேயின் தீவொன்றில் ஒதுங்கிய பியெத்ரோ குவெரினி என்னும் வெனிஸ் வணிகரே அம்மீனைத் தம் ஊருக்கு அறிமுகப்படுத்தினார் என்று சொல்லப்படுகிறது. ஒரு வாய் உணவுக்குப் பின்னால் இத்தனை கடல்வழிகள் இருக்கின்றன. ஓடிக்கொண்டே உண்பவருக்கு இவை தெரிய வாய்ப்பில்லை.

அருகிலுள்ள முரானோ தீவுக்கும் ஒரு நாளை ஒதுக்கலாம். தீ விபத்துக்கு அஞ்சி, 1291ஆம் ஆண்டில் வெனிசின் கண்ணாடி உலைகள் அத்தீவுக்கு மாற்றப்பட்டன. உருகிய கண்ணாடியை ஊதி ஊதி ஒரு கலைஞர் கிண்ணமாக்குவதை அருகிலிருந்து பார்த்தவருக்கு, அதன் விலை ஏன் அதிகம் என்பது புரியும். தெருவோரத்தில் மலிவாகக் கிடைக்கும் ஆலைப்பொருளுக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டையும் அவர் உணர்வார்.

வெனிஸ் நகராட்சியும் சும்மா இருக்கவில்லை. 2024ஆம் ஆண்டில், கூட்டம் மிகுந்த குறிப்பிட்ட சில நாள்களில், பகலில் மட்டும் வந்து திரும்புபவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கும் திட்டத்தைத் தொடங்கியது. விடுதியில் தங்குபவர்கள் தனியே தங்கும் வரி செலுத்துவதால் அவர்களுக்கு இக்கட்டணம் இல்லை. வழிகாட்டியுடன் செல்லும் குழுவில் 25 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்றும், வழிகாட்டிகள் ஒலிபெருக்கி பயன்படுத்தக்கூடாது என்றும் அதே ஆண்டில் விதிகள் வந்தன.

விதிகள் மட்டும் ஒரு நகரைக் காப்பாற்றிவிடுமா? ஐந்து யூரோவுக்காக யாரும் பயணத்தைக் கைவிடமாட்டார்கள் என்று குறைகூறுபவர்களும் உள்ளனர். பல நாள் தங்குவது மட்டுமே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு குடும்பத்தை வெளியேற்றிவிட்டு வாடகைக்கு விடப்படும் வீட்டில் தங்கினால், அதுவும் ஊருக்குச் சுமைதான். எங்கே தங்குகிறோம், யாரிடம் வாங்குகிறோம், எப்படி நடந்துகொள்கிறோம் என்பவற்றையும் பயணி எண்ணிப் பார்க்க வேண்டும்.

'பதறாத காரியம் சிதறாது' என்பது பழமொழி. பயணத்துக்கும் அது பொருந்தும். பத்து நாளில் பத்து நகரங்களைப் பார்த்தவரிடம் படங்கள் நிறைய இருக்கும். ஒரே நகரில் சில நாள் தங்கியவருக்கோ, ஒரு கடைக்காரரின் முகமும், ஓர் உணவின் சுவையும், வழிதவறி நுழைந்த ஒரு சந்தின் அமைதியும் நினைவில் நிற்கும். அவர் சென்ற ஊருக்கும் அவரால் சிறு நன்மையாவது விளைந்திருக்கும். ஊர் என்பது காட்சிப்பொருள் அன்று. அது சிலருடைய வீடு. அந்த எண்ணத்தோடு செல்பவரே நல்ல விருந்தினர்.