கட்சிக்கு ஆலோசனை, மக்களுக்குத் தொண்டு: இரண்டையும் ஒருவரே செய்யலாமா?

கேள்வி: நான் அரசியல் அறிவியலில் எம்.ஏ. முடித்தவள். சட்டமன்றத் தேர்தல் நேரத்தில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் கள ஆய்வாளராகச் சேர்ந்தேன். பூத் வாரியான கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பு என்று நிறையக் கற்றுக்கொண்டேன். தேர்தல் முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்துவிட்டது. வேட்பாளர்களைப் பற்றி மக்களுக்குத் தெளிவாக எடுத்துச்சொல்லும் தொண்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்க ஆசை. வீட்டிலோ, "சேவை செஞ்சா சோறு கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். தொண்டு நிறுவனத்தை நடத்திக்கொண்டே, வருமானத்துக்குக் கட்சிகளுக்கும் ஆலோசனை சொல்லலாம் என்று நினைக்கிறேன். இது சரிப்பட்டு வருமா?

— வாசகி, திருச்சி

பதில்: இரண்டுமே நல்ல தொழில்கள்தான். இரண்டிலும் நீங்கள் திறமையாக வர முடியும். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது. ஆலோசகரைக் கட்சி நம்புவது, அவர் தன் பக்கம் நிற்கிறார் என்பதற்காக. தொண்டு நிறுவனத்தை மக்கள் நம்புவது, அது யார் பக்கமும் நிற்கவில்லை என்பதற்காக. காலையில் ஒரு கட்சியின் வியூகக் கூட்டத்தில் உட்கார்ந்தவர், மாலையில் எதிர்க்கட்சி வேட்பாளரின் சொத்துக் கணக்கை வெளியிட்டால், அதில் உள்ள ஒவ்வோர் எண்ணும் சரியாக இருந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

உங்கள் முன் இரண்டு பாதைகள் இருக்கின்றன. இரண்டிலும் நடந்தவர்கள் இருக்கிறார்கள்.

முதல் பாதை, ஏ.டி.ஆர். என்று அறியப்படும் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தினுடையது. அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் சிலர் 1999இல் அதைத் தொடங்கினார்கள். வேட்பாளரின் குற்ற வழக்குகளையும் சொத்துகளையும் அறிய வாக்காளருக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் போனார்கள். உச்ச நீதிமன்றம் 2002 மே 2 அன்று அதை ஏற்றது. அந்தத் தீர்ப்பை மட்டுப்படுத்த நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டப்பிரிவையும் 2003 மார்ச்சில் நீதிமன்றம் ரத்து செய்தது. இன்று ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26இல் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்வதற்குப் பின்னால் இந்த உழைப்பு இருக்கிறது. தேர்தல் பத்திரத் திட்டத்துக்கு எதிராகவும் அவர்கள் 2017இல் வழக்குத் தொடுத்தார்கள். அத்திட்டம் அரசமைப்புக்கு முரணானது என்ற தீர்ப்பு 2024 பிப்ரவரி 15 அன்றுதான் வந்தது. ஆறாண்டுக்கும் மேலான காத்திருப்பு! ஏதாவது ஒரு கட்சியிடம் கட்டணம் வாங்கியிருந்தால், அந்த வழக்கில் மனுதாரராக நிற்கும் தகுதியே கேள்விக்குள்ளாகியிருக்கும்.

இரண்டாவது பாதை பிரசாந்த் கிஷோருடையது. ஐ.நா.வின் பொதுச் சுகாதாரப் பணியிலிருந்து வந்தவர் அவர். 2013இல் இளம் பட்டதாரிகளைச் சேர்த்து, 'சிட்டிசன்ஸ் ஃபார் அக்கவுன்டபிள் கவர்னன்ஸ்' என்ற லாப நோக்கற்ற அமைப்பைக் கட்டினார். 2014இல் நரேந்திர மோடியின் பிரசாரத்துக்கு அது தோள் கொடுத்தது. அடுத்த ஆண்டே அந்த அனுபவம் ஐபேக் என்ற ஆலோசனை நிறுவனமாக உருமாறி, பிகாரில் நிதிஷ் குமாருக்கு வேலை செய்தது. 2021இல் மேற்கு வங்கத்தில் திரிணாமூல், தமிழ்நாட்டில் தி.மு.க. என்று ஒரே தேர்தல் பருவத்தில் இரு வெற்றிகள். பிறகு ஆலோசகர் வேலையை விட்டார். 2022 அக்டோபர் 2 அன்று பிகாரில் நடைப்பயணம் தொடங்கி, 2024இல் ஜன் சுராஜ் கட்சியை நிறுவினார். 2025 சட்டமன்றத் தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. வெற்றி வியூகம் வகுப்பதும் மக்களின் நம்பிக்கையைப் பெறுவதும் வெவ்வேறு திறமைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இனி சட்டமும் பணமும். அறக்கட்டளை, சங்கம், கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு நிறுவனம் என்று மூன்று வடிவங்கள் உண்டு. உங்களுக்கு மூன்றாவதைச் சொல்வேன். பதிவுச் செலவும் ஆண்டுக் கணக்கு வேலையும் கூடுதல்தான். ஆனால் கணக்குகள் பொதுவில் பார்க்கக் கிடைப்பதால் நன்கொடையாளர் நம்பி வருவார்கள். லாபத்தைப் பங்கு பிரிக்க முடியாது. செய்யும் வேலைக்கு நியாயமான சம்பளம் எடுத்துக்கொள்ளத் தடையில்லை. உங்கள் வீட்டாரிடம் இதைச் சொல்லுங்கள்: தொண்டு நிறுவனத்தில் சம்பளம் வாங்குவது தவறே அல்ல, மறைத்து வாங்குவதுதான் தவறு.

வெளிநாட்டு நிதியை ஆரம்பத்தில் கணக்கில் சேர்க்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் அரசியல் தன்மை கொண்ட அமைப்புகளுக்கும் அந்தக் கதவை மூடியிருக்கிறது. அரசியல் தன்மை என்பதைக் கட்சி அரசியலோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் விளக்கியது. கட்சியோடு பண உறவு வைத்துக்கொண்டால் அந்த விளக்கம் தரும் பாதுகாப்பையும் நீங்களே இழப்பீர்கள். வருமான வரிச் சட்டத்திலும் ஒரு வரம்பு உண்டு. பொதுப் பயன் என்ற வகையில் சலுகை பெறும் அமைப்பு, வணிகம் போன்ற வேலைகளில் ஈட்டுவது மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பதிவுக்கு முன்பே நல்ல ஆடிட்டரைப் பாருங்கள்.

அப்படியானால் பிழைப்புக்கு என்ன வழி? கட்சி சாராத ஆலோசனைப் பணிகள் நிறைய இருக்கின்றன. ஊராட்சித் தலைவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் நிதி, தீர்மானம், கிராம சபை நடைமுறை பற்றிப் பயிற்சி கொடுக்க ஆள் தேவை. தொண்டு நிறுவனங்களுக்குக் கள ஆய்வு செய்து தரலாம். கணக்கெடுப்பில் நீங்கள் பெற்ற பயிற்சி அங்கே நேராகக் கைகொடுக்கும். 25 வயதைத் தாண்டவில்லை என்றால், 2005இல் தொடங்கப்பட்ட பி.ஆர்.எஸ். என்ற சட்டமியற்றல் ஆய்வு அமைப்பின் 'லேம்ப்' திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். ஒரு நாடாளுமன்ற உறுப்பினருடன் முழுநேரம் வேலை செய்து, சட்டம் உருவாவதை அருகிலிருந்து கற்க உதவித்தொகையுடன் கிடைக்கும் வாய்ப்பு அது.

பழைய வேலை குறித்து இரண்டு எச்சரிக்கைகள். தேர்தல் பணியில் சேகரித்த தொலைபேசி எண், சாதி விவரம், வீட்டு விவரம் எதையும் புதிய நிறுவனத்துக்கு எடுத்து வராதீர்கள். அந்த மக்கள் உங்களை நம்பி அதற்காகத் தரவில்லை. அடுத்து, எந்தக் கட்சிக்காக எவ்வளவு காலம் வேலை செய்தீர்கள் என்பதை உங்கள் நிறுவனத்தின் அறிமுகப் பக்கத்தில் நீங்களே எழுதுங்கள். பிறர் கண்டுபிடித்துச் சொன்னால் அது குற்றச்சாட்டாகிவிடும்.

அலுவலகம், லோகோ எல்லாம் பிறகு. முதலில் உங்கள் ஒரே ஒரு தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த தேர்தலில் நின்ற எல்லா வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களையும் தேர்தல் ஆணைய இணையதளத்திலிருந்து இறக்குங்கள். வழக்கு, சொத்து, கடன், வருமானம் ஆகியவற்றை எளிய தமிழில், கட்சி வேறுபாடு இல்லாமல், ஒரே அளவுகோலில் ஒரு சிறு கையேடாக்குங்கள். அதை எல்லாக் கட்சிக்காரர்களிடமும் கொடுத்துத் தவறு இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு மக்களிடம் கொண்டுசெல்லுங்கள். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் அந்தக் கையேட்டைச் சான்றாகக் காட்டிப் பேசத் தொடங்கினால், உங்கள் நிறுவனம் பிறந்துவிட்டது என்று பொருள். பதிவுக்கு அப்போது போனால் போதும்.

கட்சி ஆலோசனைதான் உங்களுக்குப் பிடித்தது என்று ஒருநாள் தோன்றினால், அதிலும் இழிவில்லை. அன்று நிறுவனத்தின் பொறுப்பை வேறொருவரிடம் முழுமையாக ஒப்படைத்து, வெளிப்படையாக அறிவித்துவிட்டுப் போங்கள். நிறுவனம் நிலைக்கும், உங்கள் பெயரும் நிலைக்கும்.