இதயச்சுற்றுச்சவ்வும் அதனைப் பாதிக்கும் நோய்களும்

மாணவர்களே, இதயத்தை வரையச் சொன்னால் நான்கு அறைகள், வால்வுகள், பெருநாடி என்று அழகாகப் பெயரிடுவீர்கள். ஆனால் அந்த இதயத்தை மூடியிருக்கும் பையைப் பலர் மறந்துவிடுகிறீர்கள். அதுவே இதயச்சுற்றுச்சவ்வு (பெரிகாடியம்) ஆகும்.

இதன் வெளிப்புறம் உறுதியான நார்ப்படை. உட்புறம் மெல்லிய சீரப்படை. இது இரட்டையாக மடிந்து இதயத்தோடு ஒட்டியுள்ளது. அம்மடிப்புகளுக்கிடையே ஏறத்தாழ 15 - 50 மில்லிலீற்றர் திரவம் உண்டு. நிமிடத்திற்கு 72 தடவை துடித்தால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை? பெருக்கிப் பாருங்கள், ஒரு இலட்சத்தைத் தாண்டும். அத்தனை தடவையும் உராய்வைக் குறைப்பது இந்தச் சிறிதளவு திரவமே.

இச்சவ்வில் அழற்சி ஏற்படலாம். வைரசுத் தொற்று, காசநோய், சிறுநீரகச் செயலிழப்பு என்பன சில காரணங்கள். நெஞ்சில் குத்துவது போன்ற வலி உண்டாகும். மூச்சை ஆழமாக இழுத்தாலும் மல்லாந்து படுத்தாலும் அது கூடும். முன்னோக்கிச் சாய்ந்து அமர்ந்தால் சற்றுக் குறையும். மாரடைப்பு வேறு. அது முடியுருநாடி அடைபட்டு இதயத்தசை பாதிக்கப்படுவது. விடைத்தாளில் இரண்டையும் குழப்பினால் போவது புள்ளி மட்டுமே. வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், சாய்ந்திருக்கக் குறைகிறதே என்று நீங்களாகத் தீர்மானிக்கக் கூடாது. உடனே 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். வேறுபடுத்துவது வைத்தியரின் வேலை; அவருக்கே ஈ.சி.ஜி. தேவைப்படுகிறது.

மிக ஆபத்தானது, பையினுள் திரவமோ குருதியோ நிறைந்து இதயத்தை அமுக்குவதாகும். இதனைக் கார்டியக் டம்பொனேட் என்பர். இங்கே கவனிக்க வேண்டியது அளவை விட வேகத்தையே. வாரக்கணக்கில் மெதுவாகச் சேர்ந்தால் நார்ப்படை சிறிது சிறிதாக விரிந்து 1 லீற்றருக்கு மேலும் இடங்கொடுக்கும். கத்திக்குத்து போன்ற காயத்தினால் திடீரென 200 மில்லிலீற்றர் குருதி சேர்ந்தாலோ, அது விரிய நேரமில்லை. அமுக்கம் உட்புறமாகத் திரும்பும். இதயம் தளரும்போது அறைகள் நிரம்பமாட்டா. நிரம்பாத அறை எதை வெளியே தள்ளும்? 1935 இல் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் குளோட் பெக் இதன் மூன்று அறிகுறிகளை எடுத்துக்காட்டினார்: குருதியமுக்கம் குறைதல், கழுத்து நாளங்கள் புடைத்தல், இதய ஒலி மங்கிக் கேட்டல். ஊசியைச் செலுத்தித் திரவத்தை உறிஞ்சி எடுப்பர்; சிறிதளவு எடுத்ததுமே நோயாளி தேறுவதுண்டு. காயமாயின் சத்திரசிகிச்சை தேவைப்படும்.

நீண்டகால அழற்சியால் சவ்வு தடித்து, சிலரில் கல்சியம் படிந்து, ஓடு போல் இறுகிவிடுவதும் உண்டு. கால்களும் வயிறும் வீங்குவதால் ஈரல் நோயெனத் தவறாக எண்ணப்படலாம். இறுகிய சவ்வை அகற்றுவதே இதற்கான பரிகாரம்.

பயிற்சி வினா: டம்பொனேட்டின்போது குருதியமுக்கம் குறைவதையும் கழுத்து நாளங்கள் புடைப்பதையும் ஒரே காரணத்தைக் கொண்டு விளக்குக.