வேலிக்காயைத் தின்ற பிள்ளைகள்

கேள்வி: எங்களுக்குப் பண்ணைக்காடு. காலாண்டு லீவுக்குச் சித்தரேவில் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். 7 வயதுப் பையனும் தங்கை மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து, தோட்டத்து வேலியில் இருந்த காட்டாமணக்குக் காயை உடைத்துப் பருப்பைத் தின்றுவிட்டார்கள். "கடலை மாதிரி இருந்துச்சும்மா" என்றான். அம்மா பதறிப்போய் உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் வாந்தி, பேதி. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி மறுநாள் அனுப்பிவிட்டார்கள். நாங்கள் செய்தது சரிதானா? இன்னும் எந்தெந்தச் செடிக்குப் பயப்பட வேண்டும்? வேலியையே வெட்டிவிடச் சொல்கிறார்கள்.
ஒரு வாசகி, பண்ணைக்காடு

குழந்தைநல மருத்துவர் பதில்: பிள்ளைகள் தேறிவிட்டார்கள் என்பதைப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. உங்கள் அம்மா பாசத்தில் செய்தார், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஆனால் உப்புத் தண்ணீர் இனி வேண்டவே வேண்டாம். சின்ன உடம்பில் உப்பு சட்டென்று ஏறினால் வலிப்பு வரும், மூளையே பாதிக்கப்படலாம். தொண்டையில் விரல் விடுவதும் கூடாது. வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு காலத்தில் வாந்தி மருந்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2003-இல் அந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது.

காட்டாமணக்கு வேலிக்கு வந்ததே ஆடு மாடு அதில் வாய் வைக்காது என்பதால்தான். அதன் பாலில் முட்டை ஊதி விளையாடும் பிள்ளைகளுக்கோ அது பழகிய செடி. போதாததற்கு, 2003-க்குப் பிறகு பயோடீசல் எடுக்கலாம் என்று தரிசு நிலங்களிலெல்லாம் நடச் சொன்னார்கள். பருப்பு ருசியாக இருப்பதால் ஒரு பிள்ளை கண்டுபிடித்தால் கூட்டமே பங்கு போட்டுத் தின்னும். அதனால்தான் இந்த விஷத்துக்குப் பிள்ளைகள் கும்பலாகவே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். வறுத்தாலும் இதன் நஞ்சு முழுதாகப் போகாது. வாந்தி, பேதி, வயிற்று வலி, தொண்டை எரிச்சல் எல்லாம் சில மணி நேரத்துக்குள் வரும். உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான பிள்ளைகள் ஓரிரு நாளில் எழுந்துவிடுவார்கள்.

ஒன்று சொல்கிறேன், மனதில் வையுங்கள். காட்டாமணக்கு உடனே வாந்தியை வரவழைத்து நம்மை ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்கிறது. எனக்குப் பயமெல்லாம் சத்தமில்லாத விதைகளைப் பற்றித்தான்.

கண்வலிக்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாநிலப் பூவான செங்காந்தள்தான் அது. மலைக்குக் கீழே ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். மூட்டுவலி மருந்தான கோல்ச்சிசின் இந்த விதையிலிருந்து எடுக்கப்படுவதால் நல்ல விலை போகிறது. அறுவடைக் காலத்தில் காய் வாசலில் காயும். வீட்டுக்குள் உட்கார்ந்து விதை பிரிப்பார்கள். பிள்ளைகள் பக்கத்திலேயே விளையாடும். இதைத் தின்ற குழந்தைக்கு முதல் சில மணி நேரம் ஒன்றுமே தெரியாது. பிறகு வாந்தி பேதி வரும். அது அடங்கி, பிள்ளை தேறிவிட்டதாக நாம் நினைக்கும் இரண்டாம், மூன்றாம் நாளில் ரத்த அணுக்கள் சரியும், சிறுநீரகமும் இதயமும் தளரும். பிழைத்து வந்த பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரத்தில் தலைமுடி கொட்டுவதும் உண்டு. பிள்ளை சிரித்து விளையாடுகிறதே என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கிறோமே, அந்தக் குன்றிமணியும் இந்த வகைதான். முழுசாக விழுங்கினால் கெட்டித் தோல் காப்பாற்றி வெளியே தள்ளிவிடும். கடித்து மென்றிருந்தாலோ, மாலை கோக்கத் துளை போட்ட மணியாக இருந்தாலோ நஞ்சு உள்ளே இறங்கும். அறிகுறி தெரிய ஒரு நாளுக்கு மேல்கூட ஆகலாம். பொன்னரளி விதை இதயத் துடிப்பையே குலைக்கும். கொஞ்சம் தின்றிருந்தாலும் இ.சி.ஜி. பார்த்து ஒரு நாளாவது ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிக்க வேண்டும்.

ஊமத்தை வேறு மாதிரி. வாய் உலரும், கண்மணி விரியும், உடம்பு கொதிக்கும், பிள்ளை சம்பந்தமில்லாமல் பிதற்றும். காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தை விட்டுவிடுகிறார்கள். மேலே கொடைக்கானல் தோட்டங்களில் தலைகீழாகத் தொங்கும் எக்காளப் பூவும் ஊமத்தைக்கு உறவுதான். அதை ஊதி விளையாடிய கையால் கண்ணைக் கசக்கினாலே கண்மணி விரிந்துவிடும்.

எல்லா வேலியையும் வெட்ட வேண்டியதில்லை. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, பிள்ளைகள் விளையாடும் இடம், இவற்றின் ஓரத்தில் இருக்கும் காட்டாமணக்கையும் பொன்னரளியையும் மட்டும் ஊராட்சியில் சொல்லி எடுத்துவிடுங்கள். மற்ற இடங்களில் செடியைப் பிள்ளைகளுக்குக் காட்டி, பெயர் சொல்லிக் கொடுங்கள்.

இனி எப்போதாவது இப்படி நடந்தால் வாயில் மிச்சம் இருப்பதை விரலால் வழித்தெடுத்து, வாய் கொப்பளிக்க வையுங்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தில்லி எய்ம்ஸில் இருக்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117, இரவு பகல் எப்போதும் பேசலாம். உங்கள் மருத்துவரையே பேசச் சொல்லுங்கள். மலைப்பாதை வளைவுகளில் பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கூட விளையாடிய மற்ற பிள்ளைகளையும் விசாரியுங்கள். அடிக்குப் பயந்து ஒரு பிள்ளையாவது சொல்லாமல் இருக்கும். கிளம்பும்போது அந்தச் செடியில் காயும் இலையுமாக ஒரு கொத்தை ஒடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். எந்த விதை என்று தெரிந்தால்தான் எத்தனை நாள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்ய முடியும்.