உள்ளங்காலையும் பாருங்கள்



தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே வரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மெலனோமா, தோலுக்கு நிறம் தரும் செல்களில் உண்டாகும் புற்று. நமக்கு இது அரிதுதான். ஆனால் வந்தால், பெரும்பாலும் வெயில் அதிகம் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வருகிறது. ஆணி என்றோ இரத்தக்கட்டு என்றோ விட்டுவிடுகிறோம். பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது இதுவே. 1981இல், 36 வயதில் இறந்தார்.

வெயிலைத் தவிர்ப்பதால் மட்டும் இவ்வகையைத் தடுக்க முடியாது. சீக்கிரம் கண்டுபிடிப்பதே பாதுகாப்பு. தினமும் ஒளூவில் கால் கழுவும் நாம், மாதம் ஒருமுறை உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்போம். குனிய முடியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பார்க்கட்டும். மருதாணி வைக்கும் முன் உள்ளங்கையையும் நகங்களையும் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை:

• இரு பாதியும் ஒன்றுபோல் இல்லாத, ஓரம் ஒழுங்கற்ற மச்சம்
• ஒரே மச்சத்தில் பல நிறங்கள்
• 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், அல்லது வளர்ந்துகொண்டே போவது
• ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகும் கருங்கோடு
• ஆறாத புண், இரத்தக் கசிவு

இவற்றில் ஒன்று இருந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆணி மருந்து போடுவதும், பிளேடால் சீவுவதும், சுடுவதும் வேண்டாம். சிறு துண்டு எடுத்துச் சோதித்தால்தான் நோய் உறுதியாகும். 'கத்தி பட்டால் பரவும்' என்ற பயம் தேவையில்லை, தாமதம்தான் ஆபத்து. ஆரம்பத்தில் என்றால் அறுவை சிகிச்சையிலேயே பெரும்பாலும் குணமாகும். நெறிகளுக்குப் பரவிவிட்டால் சிகிச்சை நீளும், செலவும் கூடும்.

1954 முதல் இயங்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நமக்குத் தொலைவில் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துச் செல்லுங்கள். இன்று இரவே வீட்டில் எல்லோருடைய பாதங்களையும் பார்த்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.